வரியும் கடனும் வக்ஃபும் படித்த காழி: இமாம் அபூயூசுஃப் (ரஹ்)

சட்டக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை இப்போது நம் குடும்பங்களில் பரவலாகப் பார்க்க முடிகிறது. படிப்பு முடிந்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கறுப்பு அங்கி போட்டதும் ஒரு கேள்வி வந்து நிற்கும். எந்தத் துறையில் தொழில் செய்வது?

குற்றவியல், குடும்ப வழக்கு, மனித உரிமை என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். வரிச் சட்டம், கம்பெனிச் சட்டம், திவால் சட்டம், வங்கிக் கடன் என்று பிள்ளை சொன்னால் வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். காசு கொழிக்கும் துறை, விடாதே என்பார் ஒருவர். அது வட்டியின் வாசல், நமக்கு வேண்டாம் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பேசுவது பிள்ளையின் சம்பாத்தியத்தைப் பற்றித்தான். அந்தச் சட்டத்தால் யாருடைய வீட்டில் அடுப்பு எரிகிறது, யாருடைய வீட்டில் அணைகிறது என்ற பேச்சு அங்கே வருவதில்லை.

அந்தப் பேச்சை எடுத்த ஒரு சட்ட மேதை நம் வரலாற்றில் இருக்கிறார். வரி, கடன், காசின் மதிப்பு, அளவை, வக்ஃப் என்று பணம் தொட்ட இடமெல்லாம் தம் சட்ட அறிவைக் கொண்டுபோனவர். இஸ்லாமிய ஆட்சியில் காழிகளின் தலைவர் என்ற பதவியை முதன்முதலில் வகித்தவர். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் ஊர்க் குடும்பங்கள் அன்றாடம் அமல் செய்யும் பல சட்டங்களில் அவருடைய கருத்து இருக்கிறது. அவர்தாம் இமாம் அபூயூசுஃப் (ரஹ்).

கூஃபாவின் ஏழைப் பிள்ளை

இயற்பெயர் யஃகூப், தந்தை பெயர் இப்ராஹீம். ஹிஜ்ரி 113-ல், அதாவது கி.பி. 731 வாக்கில், ஈராக்கின் கூஃபா நகரில் பிறந்தார். அன்சாரிகளின் வழியில் வந்த குடும்பம். அவருடைய முன்னோரான ஸஅத் (ரலி) உஹதுப் போருக்குப் புறப்பட்டு வந்தும், வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட நபித்தோழர்களில் ஒருவர். பரம்பரைக்குப் பெருமை இருந்தது, வீட்டில் காசு இல்லை.

தந்தை இறந்த பின் தாயார் அவரைத் துணி வெளுப்பவர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. சிறுவரோ வேலைக்குப் போகும் வழியில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாட வட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். தாயார் தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவார். பொறுக்க முடியாத ஒரு நாளில், யத்தீமான என் பிள்ளையைக் கெடுக்கிறீர்களே, அவன் நாளுக்கு ஒரு காசாவது சம்பாதிக்க வேண்டாமா என்று அந்தத் தாய் இமாமிடமே சண்டைக்கு நின்றார். பிஸ்தா எண்ணெயில் செய்த ஃபாலூதஜ் என்னும் இனிப்பைச் சாப்பிடத்தான் இவர் இங்கே கற்றுக்கொண்டிருக்கிறார் என்று இமாம் பதில் சொன்னாராம். பல ஆண்டுகளுக்குப் பின் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் விருந்தில் அந்த இனிப்பு தம் முன்னால் வைக்கப்பட்டபோது அபூயூசுஃப் சிரித்துவிட்டு, காரணம் கேட்ட கலீஃபாவுக்கு இந்தக் கதையைச் சொன்னார் என்று முடிகிறது அந்த அறிவிப்பு. பாட வட்டத்திலிருந்து அவரை இழுத்துப் போனவர் தந்தைதான் என்று வேறோர் அறிவிப்பும் உண்டு.

இரண்டு அறிவிப்புகளிலும் ஒரு விஷயம் மாறவில்லை. வறுமையால் படிப்பு நின்றுபோக இருந்தது. அதை அறிந்த இமாம் அபூஹனீஃபா தம் சொந்தப் பணத்திலிருந்து உதவத் தொடங்கினார். கொடுத்தது தீரும்போது, கேட்காமலேயே அடுத்த தொகை வந்து சேரும். ஒரு தாய் பட்ட கவலையும் ஓர் ஆசிரியர் கொடுத்த திர்ஹமும் சேர்ந்துதான் அந்தப் படிப்பு நடந்தது.

கடைத்தெரு தெரிந்த ஆசிரியர்

இமாம் அபூஹனீஃபா வெறும் ஏட்டறிவு உள்ளவர் அல்லர். கூஃபாவில் பட்டு கலந்த உயர்ரகத் துணி விற்ற வணிகர். கூட்டாளி வைத்து வியாபாரம் செய்தவர். குறையுள்ள ஒரு துணியை, அதன் குறையைச் சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்று தெரிந்ததும் அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டவர். முன்பணம், கூட்டு, அடமானம், ஜாமீன், சரக்கில் குறை என்று வியாபாரச் சட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் அவருக்குக் கடையிலிருந்தே தெரியும்.

அபூயூசுஃபுக்கு இன்னோர் ஆசிரியரும் இருந்தார். கூஃபாவின் காழியாக இருந்த இப்னு அபீ லைலா. அபூஹனீஃபாவின் வட்டத்துக்கு முழுமையாக வருமுன் அபூயூசுஃப் அவரிடம் பயின்றார். நீதிமன்றத்தில் வழக்கு எப்படி வரும், சாட்சி எப்படி நிற்பார், தீர்ப்பு எப்படி எழுதப்படும் என்பதை அங்கே கண்டார். பின்னாளில் இந்த இரு ஆசிரியர்களும் எந்தெந்தச் சட்டங்களில் வேறுபட்டார்கள் என்பதை ஒரு நூலாகவே எழுதினார். ஒருவர் கடையை அறிந்தவர், மற்றவர் நீதிமன்றத்தை அறிந்தவர். பணம் சார்ந்த சட்டத்தில் இறங்கும் ஒருவருக்கு இரண்டும் வேண்டும்.

படிப்பில் அவர் காட்டிய பிடிப்பைச் சொல்ல ஒரு செய்தி போதும். தம் மகன் இறந்த நாளில் கூட, அடக்கப் பணிகளை உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் ஒப்படைத்துவிட்டுப் பாடத்துக்கு வந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் மனதுக்கு இது கடினமாகத்தான் தெரிகிறது.

ஆசிரியர் மறுத்த பதவி

ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) இமாம் அபூஹனீஃபா மறைந்தார். கலீஃபா மன்சூர் காழி பதவியை ஏற்கும்படி வற்புறுத்தியும் மறுத்தவர் அவர். அதற்காகச் சிறையும் அனுபவித்தார். அதே ஆசிரியரின் முதன்மையான மாணவர் சில ஆண்டுகளுக்குப் பின் பக்தாதில் காழி பதவியை ஏற்றுக்கொண்டார். மஹ்தி, ஹாதி, ஹாரூன் அர்ரஷீத் என்று மூன்று கலீஃபாக்களின் காலத்தில் பணியாற்றினார். ஹாரூன் அவரைக் காழிகளின் தலைவராக்கினார். எந்த ஊருக்கு யார் காழி என்பதில் அவருடைய சொல் செல்லும் நிலை உருவானது.

ஆசிரியர் மறுத்ததை மாணவர் ஏற்றது சரியா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதிகாரத்தின் பக்கத்தில் உட்காரும் அறிஞர் மெல்ல மெல்ல அதன் குரலாகவே மாறிவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. மறுபுறம், உள்ளே யாருமே போகாவிட்டால் குடிமக்களின் வழக்கை நேர்மையாகத் தீர்ப்பவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. அபூயூசுஃப் உள்ளே போனார். போனவர் என்ன செய்தார் என்பதை வைத்தே அவரை எடைபோட வேண்டும்.

மதீனாவில் அளந்து பார்த்த அளவை

பணத்தைப் பற்றிய சட்டம் கடைசியில் அளவையில் வந்துதான் நிற்கும். ஸதக்கத்துல் ஃபித்ருக்குக் கொடுக்க வேண்டிய ஒரு ஸாஉ என்பது எவ்வளவு? ஈராக்கின் அறிஞர்கள் எட்டு ரத்ல் என்றார்கள். மதீனாவின் அறிஞர்கள் ஐந்தும் மூன்றிலொரு பங்கும் என்றார்கள். நம் பாட்டிமார் ராத்தல் என்று சொன்னார்களே, அந்தச் சொல்லின் வேர் இந்த ரத்ல்தான்.

ஹஜ்ஜுக்குச் சென்ற அபூயூசுஃப் மதீனாவில் இந்தக் கேள்வியை எழுப்பினார். மறுநாள் முஹாஜிர்கள், அன்சாரிகளின் வழிவந்த முதியவர்கள் ஐம்பது பேர் அளவில், ஆளுக்கொரு ஸாஉப் பாத்திரத்தை மேலாடைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்திலிருந்து தந்தை வழியாகவோ குடும்பத்தார் வழியாகவோ தங்களுக்கு வந்த பாத்திரம் இது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அபூயூசுஃப் அவற்றை அளந்து பார்த்தார். எல்லாம் ஒரே அளவு. ஐந்து ரத்லும் மூன்றிலொரு பங்கும், அதிலும் சற்றே குறைவாக.

அந்த இடத்திலேயே இந்த விஷயத்தில் தம் ஆசிரியரின் கருத்தை விட்டுவிட்டு மதீனாவாசிகளின் அளவை ஏற்றுக்கொண்டார். அபூஹனீஃபாவும், அபூயூசுஃபின் சக அறிஞரான இமாம் முஹம்மதும் எட்டு ரத்ல் என்றே சொன்னார்கள். ஹனஃபி நூல்களில் இரு கருத்துகளும் இன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆசிரியர் மீது வைத்த மரியாதை, பாத்திரத்தில் அளந்து கண்ட அளவை மறைக்க அவர் இடம் கொடுக்கவில்லை.

கலீஃபாவுக்கு எழுதிய வரிச் சட்டம்

அவருடைய பெயரை நிலைக்கச் செய்தது கிதாபுல் கராஜ் என்ற நூல். கராஜ் என்பது நிலவரி. கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் நிர்வாகத்துக்காகச் சில கேள்விகளைக் கேட்க, அவற்றுக்குப் பதிலாக எழுதப்பட்ட நூல் இது. தொடக்கமே கலீஃபாவுக்கான உபதேசம்தான். குடிமக்கள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், நாளை அவர்களைப் பற்றிக் கேட்கப்படுவீர்கள் என்று அவர் நினைவூட்டுகிறார். பின்னர் கணக்குக்கு வருகிறார்.

தஜ்லா, ஃபுராத் ஆறுகளுக்கு இடைப்பட்ட செழிப்பான சமவெளிக்கு ஸவாத் என்று பெயர். அரசின் வருமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அந்த நிலங்களை அளந்தார். நிலப்பரப்பை வைத்து, கோதுமைக்கு இவ்வளவு, வாற்கோதுமைக்கு இவ்வளவு என்று வரி விதிக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் கழிந்தது. பல நிலங்கள் தரிசாகின. வாய்க்கால்கள் தூர்ந்தன. பழைய கணக்கில் வரி கேட்டால் விவசாயி நிலத்தை விட்டு ஓடும் நிலை.

இங்கே அபூயூசுஃபுக்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. விகிதத்தை விதித்தவர் உமர் (ரலி). அதை மாற்ற ஒரு காழிக்கு ஏது உரிமை? அவர் உமரின் செயலையே ஆதாரமாக எடுத்தார். நிலத்தை அளந்து வந்தவர்களிடம், நிலம் தாங்காத சுமையை ஏற்றிவிட்டீர்களோ என்று உமர் விசாரித்தார். தாங்கக்கூடியதைத்தான் விதித்தோம் என்று அவர்கள் உறுதி சொன்ன பின்புதான் அவர் மனம் அமைதியானது. ஆக, உமர் காட்டிய அளவுகோல் நிலத்தின் தாங்கும் சக்தி. அன்று தாங்கியது இன்று தாங்காது என்றால் விகிதத்தைக் குறைப்பதே உமரின் வழி. இப்படிப் போகிறது அவருடைய வாதம். வரிச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இந்த ஓர் இடத்துக்காகவே அந்த நூலைத் திறந்து பார்க்கலாம்.

நிலப்பரப்புக்கு இவ்வளவு என்ற நிலையான வரிக்குப் பதில், விளைச்சலில் ஒரு பங்கு என்ற முறையை அவர் பரிந்துரைத்தார். இந்தப் பங்கு முறை மஹ்தியின் காலத்திலேயே தொடங்கியிருந்தது. அதற்குச் சட்ட அடிப்படையும் நியாயமான விகிதமும் கொடுத்தவர் அபூயூசுஃப். தானாகப் பாயும் நீரில் விளைந்த கோதுமை, வாற்கோதுமைக்கு ஐந்தில் இரண்டு பங்கு. ஏற்றம் போட்டு இறைத்த நிலத்துக்குப் பத்தில் மூன்று பங்கு. பேரீச்சை, திராட்சை, தோட்டங்களுக்கு மூன்றில் ஒன்று. கோடைப் பயிருக்கு நான்கில் ஒன்று. நீர் இறைக்க உழைப்பும் செலவும் ஆகும் என்பதால் அவருக்கு வரி குறைவு.

ஏன் பங்கு முறை? விலை ஏறும், இறங்கும் என்பதை அவர் கவனித்திருந்தார். விளைச்சல் நிறைய இருந்தும் விலை ஏறுவதுண்டு, விளைச்சல் குறைந்தும் விலை மலிவதுண்டு என்று எழுதினார். இவ்வளவு திர்ஹம் என்று பணமாக நிர்ணயித்தால் விலை மலிந்த ஆண்டில் விவசாயி நசுங்குவார். இவ்வளவு தானியம் என்று நிர்ணயித்தால் ஒரு பக்கம் கருவூலத்துக்கோ மறுபக்கம் குடிக்கோ நட்டம் வரும். பங்கு என்றால் நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் இருவருக்கும் பொது.

அடுத்து வசூல். அன்று சில இடங்களில் ஒரு பகுதியின் வரியைக் குத்தகைக்கு விடும் வழக்கம் இருந்தது. குத்தகை எடுத்தவர் அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, அதற்கு மேல் கறந்ததைத் தமக்கு வைத்துக்கொள்வார். அதற்காக மக்களை அடிப்பது, வெயிலில் நிறுத்துவது, கழுத்தில் பாரத்தைத் தொங்கவிடுவது எல்லாம் நடந்தன. இது நாட்டை அழிக்கும் வழி, இதை ஒழியுங்கள் என்று அபூயூசுஃப் கலீஃபாவிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். வரி கட்ட முடியாதவரை அடிக்கக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது என்றார். அளப்பவரின் கூலி, எழுதும் ஏட்டின் விலை என்று வரிக்கு மேல் எதையும் விவசாயியின் தலையில் கட்டக் கூடாது என்றார். அறுவடைக்குப் பின் தானியத்தைக் களத்தில் நாள்கணக்கில் முடக்கி வைக்கக் கூடாது, அது வீணாகும் என்பதைக் கூட அவர் விடவில்லை. வசூலிப்பவர்கள் மார்க்கச் சட்டம் தெரிந்த, கை சுத்தமானவர்களாக இருக்க வேண்டும், அவர்களைக் கண்காணிக்க நம்பிக்கையானவர்களை அனுப்ப வேண்டும் என்றும் எழுதினார்.

ஜகாத் நிதியை நிலவரிப் பணத்தோடு கலக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொன்னார். ஜகாத்துக்குக் குர்ஆன் குறிப்பிட்ட எட்டு வகையினர் இருக்கிறார்கள். நிலவரியோ பொதுமக்கள் எல்லோருக்குமானது. பெரிய வாய்க்கால்களை வெட்டவும் தூர் வாரவும் பைத்துல்மால் செலவு செய்ய வேண்டும் என்றார். சிறைக் கைதிகளுக்கு மாதம் பத்து திர்ஹம் அவர்கள் கையிலேயே கிடைக்க வேண்டும், குளிருக்கும் கோடைக்கும் உடை தர வேண்டும், உறவினர் இல்லாமல் சிறையில் இறப்பவருக்கு அரசு செலவில் கஃபன் இட வேண்டும் என்றார். முஸ்லிமல்லாத குடிமக்களின் உரிமையைப் பேசும்போது, பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பார்வையற்ற யூத முதியவரை உமர் (ரலி) கண்டு, அவரிடம் ஜிஸ்யா வாங்குவதை நிறுத்தி பைத்துல்மாலிலிருந்து உதவ ஏற்பாடு செய்த நிகழ்ச்சியை எடுத்து வைத்தார்.

இந்த வரிகளுக்குப் பின்னால் வெயிலில் நிறுத்தப்பட்ட ஒரு விவசாயி இருக்கிறார். அவரை அங்கே நிறுத்தியது ஒரு வரிச் சட்டம். அவரை நிழலுக்கு அழைத்துவர முயன்றதும் இன்னொரு வரிச் சட்டம்தான்.

காசின் மதிப்பு விழுந்தால்

இன்றைய குடும்பங்களுக்கு நேராகப் பயன்படும் ஒரு கருத்தும் அவருடையது. அக்காலத்தில் தங்கம், வெள்ளி நாணயங்களோடு ஃபுலூஸ் என்ற சில்லறைக் காசும் புழங்கியது. அதன் மதிப்பு ஏறி இறங்கும். ஒருவர் ஃபுலூஸாகக் கடன் கொடுத்திருந்து, திரும்ப வாங்கும்போது அதன் மதிப்பு குறைந்திருந்தால் என்ன செய்வது? வாங்கிய எண்ணிக்கையையே திருப்பித் தந்தால் போதும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. அபூயூசுஃபும் முதலில் அப்படியே சொல்லிவந்தார். பின்னர், கடன் கொடுத்த நாளில் இருந்த மதிப்பைக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பல நூற்றாண்டுகள் கழித்து டமாஸ்கஸின் இமாம் இப்னு ஆபிதீன் இந்த விஷயத்துக்கென்றே ஒரு சிறு நூல் எழுதி, அபூயூசுஃபின் கருத்துக்கு வலுச் சேர்த்தார்.

ரூபாயின் மதிப்பு குறையும்போது பழைய கடனையும் நிலுவை மஹரையும் எப்படிக் கணக்கிடுவது என்ற இன்றைய விவாதத்தில் இந்தக் கருத்து மீண்டும் மேசைக்கு வருகிறது. 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, கடனை அதே நாணயத்தில் அதே அளவில் திருப்ப வேண்டும் என்று முடிவு செய்தது. விலைவாசிக் குறியீட்டோடு கடனை இணைப்பது வட்டிக்குக் கதவைத் திறக்கும் என்ற கவலை அதற்குப் பின்னால் உண்டு. விவாதம் அதோடு ஓயவில்லை. நம் வீட்டு வழக்குக்கு எது பொருந்தும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் கேள்வியின் கூர்மையை 1200 ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டுகொண்டார்.

நம் வக்ஃபுகளில் அவர் சொல்

வக்ஃப் விஷயத்திலும் அவர் ஆசிரியரிடமிருந்து வேறுபட்டார். வக்ஃப் செய்தவர் அதைத் திரும்பப் பெறலாம், காழியின் தீர்ப்பு போன்றவை சேர்ந்தால்தான் அது உறுதியாகும் என்பது அபூஹனீஃபாவின் கருத்து. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) வக்ஃப் செய்த செய்தி தெளிவாகத் தெரியவந்த பின், சொன்ன மாத்திரத்திலேயே வக்ஃப் முழுமையாகிவிடும், திரும்பப் பெற முடியாது என்றார் அபூயூசுஃப். வக்ஃப் செய்தவர் தம் ஆயுள் வரை அதன் வருமானத்தைத் தமக்கென நிபந்தனையிடலாம் என்றும் சொன்னார்.

இந்தக் கருத்து நம் நாட்டு நீதிமன்றங்கள் வரை வந்தது. குடும்பத்தாருக்குப் பயன் தரும் வகையில் செய்யப்பட்ட வக்ஃப் செல்லாது என்று 1894-ல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் முஸ்லிம்களிடையே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. பம்பாய் வழக்கறிஞர் முகம்மது அலி ஜின்னா இம்பீரியல் சட்ட சபையில் கொண்டுவந்த மசோதா, 1913-ல் முஸ்லிம் வக்ஃப் செல்லுபடியாக்கும் சட்டமாக நிறைவேறியது. வக்ஃப் செய்பவர் ஹனஃபியாக இருந்தால் தம் ஆயுள் வரை வருமானத்திலிருந்து தம் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு இருந்தது. பக்தாதின் காழி சொன்ன நிபந்தனை அது. சொன்ன மாத்திரத்தில் வக்ஃப் முழுமையாகும் என்ற அவருடைய கருத்தையும் இந்திய உயர் நீதிமன்றங்கள் பல ஏற்றுக்கொண்டன. நம் ஊர்ப் பள்ளிவாசல் நிலத்துக்கு வழக்கு வரும்போது ஆவணத்தோடு இந்தச் சட்ட வரலாறும் தெரிந்த வழக்கறிஞர் தேவைப்படுகிறார்.

சறுக்கக்கூடிய இடம்

பணச் சட்டம் தெரிந்தவருக்கு அதைச் சுற்றிப் போகும் வழியும் தெரியும். அபூயூசுஃப் மீது வைக்கப்பட்ட விமர்சனமும் இந்த இடத்தில்தான் வருகிறது. ஆண்டு நிறைவதற்கு முன் செல்வத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றி ஜகாத் கடமையாகாமல் பார்த்துக்கொள்வது போன்ற உபாயம் வெறுக்கத்தக்கதா என்பதில் அவருக்கும் இமாம் முஹம்மதுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இன்னும் கடமையாகாத ஒன்றைத் தவிர்ப்பதில் வெறுப்பில்லை என்பது அபூயூசுஃபின் சட்டப் பார்வை. ஏழையின் பங்கைத் தடுப்பதால் அது வெறுக்கத்தக்கது என்றார் முஹம்மது. ஜகாத்தில் முஹம்மதின் கருத்தையே பின்வந்த அறிஞர்கள் பலரும் எடுத்துக்கொண்டார்கள். அபூயூசுஃபே அப்படிச் செய்ததாக ஒரு கதையும் பரவியது. ஹனஃபி அறிஞர்கள் அதை மறுத்துள்ளார்கள்.

இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. வரித் துறையில் வழக்கறிஞராகும் பிள்ளை தினமும் இந்தக் கோட்டில்தான் நடக்கப்போகிறது. சட்டம் விட்டுவைத்த வழிக்கும் ஏழையின் உரிமைக்கும் இடையே எங்கே நிற்பது என்பதை மாபெரும் இமாம்களே விவாதித்திருக்கிறார்கள்.

தீர்ப்பு என்று வந்தபோது அவர் எப்படி இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு தோட்டம் குறித்து கலீஃபா ஹாதிக்கும் ஒருவருக்கும் வழக்கு. சாட்சிகள் கலீஃபாவின் பக்கம். உண்மை எதிராளியிடம் இருப்பதாக அபூயூசுஃபுக்குப் பட்டது. சாட்சிகள் சொன்னது உண்மை என்று கலீஃபாவே சத்தியம் செய்ய வேண்டும் என எதிராளி கோருகிறார் என்றார். அப்படிக் கோர இடமுண்டா என்று கலீஃபா கேட்க, இப்னு அபீ லைலாவின் கருத்துப்படி உண்டு என்றார். சத்தியம் செய்ய மனமின்றி கலீஃபா தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அரசவையின் பெரும்புள்ளியான ஃபள்லு இப்னு ரபீஃ சாட்சி சொல்ல வந்தபோது, அவருடைய சாட்சியத்தை ஏற்க மறுத்தார். நான் உங்கள் அடிமை என்று இவர் கலீஃபாவிடம் சொன்னதைக் கேட்டேன், அது உண்மையானால் அடிமையின் சாட்சி செல்லாது, பொய்யானால் பொய்யரின் சாட்சியும் செல்லாது என்பது அவர் தந்த விளக்கம்.

கடைசி நாட்கள்

ஹிஜ்ரி 182-ல் (கி.பி. 798) பக்தாதில் அவர் மறைந்தார். மரணப் படுக்கையிலும் நலம் விசாரிக்க வந்த மாணவரிடம் ஹஜ்ஜில் கல்லெறிவதை நடந்து செய்வதா, வாகனத்தில் இருந்து செய்வதா என்று மசாயில் பேசிக்கொண்டிருந்தார். மாணவர் வாசலைக் கடப்பதற்குள் உள்ளிருந்து அழுகுரல் கேட்டதாம். ஹதீஸ் கலையின் சிகரமான இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் முதன்முதலில் ஹதீஸ் எழுதக் கற்றது இவரிடம்தான். மக்கா, மதீனா, கூஃபா, பக்தாத் ஆகிய நான்கு ஊர் மக்களுக்கும் தலா ஒரு லட்சம் திர்ஹம் கொடுக்கும்படி வஸிய்யத் செய்தார் என்றும் பதிவு இருக்கிறது. துணி வெளுக்கும் கூலிக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் வஸிய்யத் அது.

இறுதி நேரத்தில் அவரை உறுத்திய ஒரு வழக்கையும் வரலாறு சொல்கிறது. ஒரு கிறிஸ்தவர் கலீஃபா ஹாரூனுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். அபூயூசுஃப் கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். ஆனால் விசாரணையின்போது இருவரையும் சரிசமமாக உட்கார வைக்கவில்லை. வழக்குரைத்தவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. இருந்தும் அந்த இருக்கை வித்தியாசத்துக்காக அவர் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டார்.

வரி, வங்கி, திவால், வக்ஃப் என்று ஏதோ ஒரு துறையைப் பிள்ளை தேர்ந்தெடுக்க நினைத்தால், வட்டி கலந்த வேலை எது, ஆகுமான வேலை எது என்று ஆலிம்களிடம் தெளிவு பெறட்டும். கணக்குப் பதிவும் கடைத்தெருவும் கற்றுக்கொள்ளட்டும். நாளை அந்தப் பிள்ளையின் மேசைக்கு முன்னால் ஜிஎஸ்டி நோட்டீஸோடு ஒரு சிறு கடைக்காரர் வருவார். கணவர் விட்டுப்போன கடன் பத்திரத்தோடு ஒரு பெண் வருவார். தூர்ந்துபோன வக்ஃப் ஆவணத்தோடு ஒரு முத்தவல்லி வருவார். அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் பெரிய மனிதர் யாராவது இருப்பார். இருவருக்கும் ஒரே மாதிரி நாற்காலி போடும் மனத்தோடு நம் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்க அல்லாஹ் அருள் புரிவானாக.